பின்சந்து வாளியும் வயிற்றுப் பையும்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளை எல்லோரும் முன்னாலிருந்துதான் படம் எடுக்கிறார்கள். வண்ணச் சன்னல், பூச்சரம் தொங்கும் கடை, நகைக்கடைப் பலகை எல்லாம் அந்தப் பக்கம்தான். பின்னால் போனால் குறுகலான சந்து ஒன்று ஓடும். சில வீடுகளின் பின்சுவரில் சுருண்டு ஏறும் இரும்புப் படிக்கட்டு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தீப்பிடித்தால் தப்பி இறங்க அது உதவும் என்றாலும், தினமும் அதில் ஏறி இறங்கியவர் மலவாளி எடுக்க வந்தவர். வீட்டு மனிதர்களின் கண்ணில் படாமல் மாடிக்குப் போய், நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு, காலி வாளியை வைத்துவிட்டு இறங்கிவிட வேண்டும். கூடத்தின் வழியாக அவர் வரக்கூடாது.

இந்தச் சந்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நகரின் சுகாதாரக் கேட்டை ஆராய வந்த பேராசிரியர் டபிள்யூ. ஜே. சிம்சன், 1907இல் தந்த அறிக்கையில், முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய கடைவீடுகளுக்கு நடுவே சந்து வெட்டச் சொன்னார். காற்று வரவும் மலம் வெளியே போகவும் அதுதான் வழி என்றார். 1927இல் அமைந்த சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை அந்த வேலையைத் தொடர்ந்தது. பாதாளச் சாக்கடை வட்டாரம் வட்டாரமாக மெல்லத்தான் வந்தது. வரிசையாகச் சிறு கதவுகள் வைத்த லாரிகள் வாளிகளைச் சுமந்து லோரோங் ஹாலுஸ் கழிவு நிலையத்தை நோக்கிப் போனதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சிங்கப்பூரில் வாளி முறை முற்றாக முடிவுக்கு வந்தது 1987 ஜனவரியில்தான்.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1989இல், சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் பெருங்குடல், மலக்குடல் அறுவை சிகிச்சைக்கென்று தனித்துறை தொடங்கியது. பேராசிரியர் கோ ஹாக் சூ தலைமையில் அமைந்த துறை அது. ஒன்று சாக்கடை வரலாறு, மற்றொன்று மருத்துவ வரலாறு. ஆனாலும், குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு வயிற்றில் பையுடன் வாழ்பவர்களின் மனம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று கேட்டால், இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பை போட்டிருக்கு" என்றுதான் வீடுகளில் சொல்வார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. மருத்துவர்கள் சொல்லும் பெயர் ஸ்டோமா. கிரேக்க மொழியில் அதற்கு வாய் என்று பொருள். புற்றுநோய், குடலடைப்பு, குடலில் ஓட்டை, விபத்துக் காயம், ஆறாத குடல் அழற்சி ஆகியவற்றில் ஏதோ ஒன்றால் மலம் வழக்கமான பாதையில் போக முடியாமல் ஆகும்போது, குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். கன்னத்தின் உட்புறம் போலச் சிவந்து, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, ஏனென்றால் வலியை உணரும் நரம்பு அதில் இல்லை. அடக்கிவைக்கும் தசையும் இல்லை. அதனால் வருவதைத் தாங்க அதன் மேல் ஒரு பை ஒட்டப்படுகிறது. சிலருக்குச் சில மாதங்கள், சிலருக்கு ஆயுள் முழுவதும்.

வலியே இல்லாத அந்த உறுப்பு மனத்தை ஏன் இப்படி வாட்டுகிறது?

மலத்தைப் பற்றிய தமிழரின் கூச்சத்துக்குப் பின்னால் ஒரு சமூக ஏற்பாடு இருந்தது. நம் ஊர்களில் அதைத் தொடும் வேலை சில சாதிகளின் தலையில் சுமத்தப்பட்டது. தொட்டவர் தீண்டத்தகாதவர் ஆக்கப்பட்டார். கப்பலேறி வந்தபோதும் அந்த ஏற்பாடு முழுதாக அறுந்துவிடவில்லை. சிங்கப்பூரில் வாளி தூக்கியவர்களில் பெரும்பாலோர் சீனக் கூலிகள். தெருக்கூட்டுதல், சாக்கடை, குப்பை என்ற நகராண்மைக் கழக வேலைகளில் தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக இருந்தார்கள், அவர்களில் பலர் ஆதிதிராவிடர்கள். ஆக, மலத்தைக் கையாள்பவர் வேறொருவர், அவர் பின்வழியாக வருபவர் என்ற பழக்கம் தலைமுறை தலைமுறையாக மனத்தில் ஊறிப்போனது. பை போட்டவர் ஒரு நாள் காலையில் தன் மலத்தைத் தன் கையாலேயே, வெளிச்சத்தில், முன்னால் வைத்துக் கையாள வேண்டியவராகிறார். அருவருப்பு அத்தனையும் அப்போது அவர்மீதே திரும்புகிறது. நோய் தந்த துன்பத்தோடு, தன் சமூகம் பிறர்மேல் வைத்திருந்த இழிவையும் அவர் சேர்த்துச் சுமக்கிறார்.

அறுவை சிகிச்சையின் கதையோ வேறு திசையில் போகிறது. வயிற்றைத் திறந்து குடலடைப்பை நீக்கும் முறையைச் சுசுருத சம்ஹிதை பேசுகிறது. கிழிந்த குடலின் விளிம்பைக் கட்டெறும்புகளைக் கடிக்கவிட்டு மூடச் சொல்கிறது. ஆனால் குடலைத் திட்டமிட்டு வெளியே திறந்துவிடும் எண்ணம் ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. மலவாயில்லாமல் பிறந்து இறந்த குழந்தையின் உடலைப் பார்த்த பிரெஞ்சு மருத்துவர் அலெக்சி லித்ரே, 1710இல் இப்படிச் செய்து பார்க்கலாமே என்று யோசனை சொன்னார். 1776இல் பிரான்சின் ருவான் நகரில் பில்லோர் என்ற மருத்துவர் ஒரு மது வணிகருக்கு அதைச் செய்தார். அடைப்பைத் தள்ளிவிடும் என்று நம்பி அவருக்கு முன்பே ஏகப்பட்ட பாதரசம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். திறப்பு நன்றாகவே வேலை செய்தது. பாதரசம் அவரை 28ஆம் நாள் கொன்றது. 1793இல் பிரெஸ்ட் நகரில் துரே என்பவர் பிறந்து சில நாளேயான குழந்தைக்கு இதே சிகிச்சை செய்தார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது.

மது வணிகரின் வயிற்றில் வைத்துக் கட்டியது ஒரு கடற்பஞ்சு. அவருக்குப் பிறகு 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கத்தியைப் பிடித்தவர்கள் முன்னேறினார்கள், பையைப் பற்றி யோசித்தவர் குறைவு. 1908இல் லண்டனின் எர்னஸ்ட் மைல்ஸ் மலக்குடல் புற்றுநோய்க்குப் பெரிய அறுவை சிகிச்சை முறையை வெளியிட்டார். உயிர் பிழைத்தவர்கள் நிரந்தரத் திறப்புடன் வீடு திரும்பினார்கள். துணியும் ரப்பரும் உலோகக் கிண்ணமும்தான் அவர்களுக்குக் கிடைத்தவை. நாற்றம் வரும், கசியும், தோல் வெந்துபோகும். ஆளில்லாத அறையில் தனியாகச் சாப்பிட்டுப் பழகினார்கள். சிகிச்சை வெற்றி என்று மருத்துவமனைக் கணக்கு சொல்லும். வீட்டில் நடந்ததை எழுத அந்தக் கணக்கில் இடமில்லை.

மாற்றம் 1950களில் வந்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் பெண்கள் முன்னே நின்றார்கள். டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற தாதியின் தங்கை தோரா, பை போட்ட பிறகு வெளியே எங்காவது கசிந்துவிடுமோ என்று வீட்டைவிட்டு இறங்கவே பயந்தார். 1954இல் சோரன்சன் ஒரு யோசனை செய்தார். மெல்லிய பிளாஸ்டிக் பை, உடம்பில் ஒட்டிக்கொள்ளும் விளிம்பு, பயன்படுத்திவிட்டு எறிந்துவிடலாம். பிளாஸ்டிக் தொழில் நடத்திய லூயி ஹான்சன் முதலில் தயங்கினார். அவருடைய மனைவியும் தாதிதான். அந்த மனைவி வற்புறுத்தியதால்தான் பை உற்பத்திக்கு வந்தது. கோலோபிளாஸ்ட் நிறுவனம் 1957இல் பிறந்த கதை இதுதான். தங்கையின் பயத்தைப் போக்க அக்கா யோசித்ததை இன்று உலகம் முழுவதும் அணிந்திருக்கிறார்கள்.

1952இல் இங்கிலாந்தின் பிரையன் புரூக், சிறுகுடலின் முனையைச் சட்டைக் கையை மடித்துவிடுவதுபோல வெளிப்பக்கம் மடித்துத் தைத்தார். அதுவரை சிறுகுடலின் செரிமான நீர் தோலில் பட்டுப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. மடித்துத் தைத்ததும் அந்தக் கொடுமை பெரும்பாலும் நின்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ரூப்பர்ட் டர்ன்புல் தோலைக் காக்க ஒரு பிசினைப் பயன்படுத்தத் தொடங்கினார். கராயா கோந்து. ஈரத்தை உறிஞ்சும், ஒட்டும், தோலைக் கெடுக்காது. இந்தியக் காடுகளில் பழங்குடி மக்கள் மரத்தைக் கீறி எடுக்கும் பிசின் அது. ஆந்திர மலைகளிலிருந்து புறப்பட்ட அந்தக் கோந்து கடல் கடந்து எத்தனை வயிறுகளைக் காத்தது என்பது நம்மவர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

அதே டர்ன்புல் 1958இல் இன்னொன்றும் செய்தார். தன்னிடம் சிகிச்சை பெற்றுப் பையுடன் வாழ்ந்த நார்மா கில் என்ற பெண்ணை வேலைக்கு அமர்த்தினார். அவர் தாதிப் பயிற்சி பெற்றவர் அல்லர். ஆனால் படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தவர்களிடம் போய் அமர்ந்து பேச அவருக்கு உரிமை இருந்தது. ஸ்டோமா பராமரிப்பு ஒரு தனித் தொழிலாக உலகில் உருவானது அந்தப் பெண்ணிடமிருந்து. 1978இல் அத்தொழிலைச் செய்பவர்களுக்கான உலக மன்றம் அமைவதிலும் அவர் முன்னின்றார். இந்த வரலாற்றில் அறுவை மருத்துவர்களின் பெயர்களுக்கு மேலே நார்மா கில்லின் பெயரை எழுதினாலும் தகும். குடலை வெளியே கொண்டுவரக் கற்றவர்கள் பலர், அந்த மனிதரை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரக் கற்றவர் இவர்.

சிங்கப்பூரின் பொது மருத்துவமனை நிற்கும் இடத்துக்கு ஆங்கிலேயர் காலப் பெயர் சிப்பாய் லைன்ஸ். இந்தியச் சிப்பாய்கள் தங்கியிருந்த இடம். 1882இல் மருத்துவமனை அங்கே குடியேறியது. நூறாண்டு கழித்து அங்கே எழுந்த பெருங்குடல் துறை ஆசியா கவனிக்கும் இடமாக வளர்ந்தது. மலக்குடலை நீக்கிய பிறகும் பை இல்லாமல், அல்லது சில மாதங்களுக்கு மட்டும் பையோடு, பழைய பாதையையே மீட்பதில் அத்துறை தீவிரமாக இருந்தது. பெருங்குடலின் முனையை மடித்துச் சிறு தேக்கமாக்கி இணைப்பதா, நேராக இணைப்பதா என்று ஒப்பிட்டுப் பார்த்த அவர்களின் ஆய்வு 1995இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் வந்தது. நோயாளி ஒரு நாளில் எத்தனை முறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்ற கேள்வியைத் தரமான ஆராய்ச்சிக்கு உரியதாக மதித்தது சின்ன விஷயமல்ல.

பை இல்லாவிட்டால் வாழ்க்கை சிறக்கும், பை இருந்தால் சீரழியும் என்று நம்புவது எளிது. 2012இல் புதுப்பிக்கப்பட்ட காக்ரேன் திறனாய்வு ஒன்று மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 5127 பேரைப் பற்றிய 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. 14 ஆய்வுகளில், நிரந்தரப் பை போட்டவர்களின் வாழ்க்கைத் தரம் மற்றவர்களைவிடத் தாழ்ந்திருக்கவில்லை. பழைய பாதை மீட்கப்பட்டவர்களில் சிலர் நாளுக்குப் பலமுறை ஓடுகிறார்கள், அடக்க முடியாமல் தவிக்கிறார்கள். பையைப் பழகிக்கொண்டவர் பேருந்தில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். இதை அறுவை சிகிச்சைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருக்கலாம்.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு தகவல் உண்டு. பெருங்குடல் புற்றுநோய் சிங்கப்பூரில் சீனரிடமே கூடுதல். ஆனால் பெருங்குடல் புண் அழற்சி நோய் இந்தியரிடம் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்று 2000இல் வெளியான சிங்கப்பூர் ஆய்வு காட்டியது. இந்த நோய் இளம் வயதில் வருவது. மருந்துக்குக் கட்டுப்படாமல் போனால் பெருங்குடலையே எடுக்க நேரும். பை என்றாலே முதியவர் என்று நினைத்துக்கொண்டிருக்கும் நம் வீடுகளில், கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் வயதில் ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ அது வந்தால் எப்படிப் பேசுவது என்று யாருக்கும் தெரியாது. பேசாமலே விட்டுவிடுகிறோம்.

இன்று மருத்துவமனையில் நடப்பது இப்படி. அறுவை சிகிச்சைக்கு முன்னரே ஸ்டோமா தாதி பேனாவுடன் வருவார். நோயாளியைப் படுக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், குனியச் சொல்வார். வயிற்றின் மடிப்பு எங்கே விழுகிறது என்று பார்ப்பார். பிறகு கேட்பார்: "அம்மா, சேலைக் கொசுவத்த எங்க செருகுவீங்க? தொப்புளுக்கு மேலயா, கீழயா?" வேட்டியோ கைலியோ கட்டும் ஐயாவிடம் முடிச்சு விழும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்வார். முடிச்சுக்கு அடியில் திறப்பு வந்தால் பை நசுங்கும், கசியும். நோயாளியின் கண்ணுக்குத் தெரியும் இடமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தானே மாற்ற முடியாது. எல்லாம் பொருந்திய இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி சரியாக விழுந்தால் பின்னால் வரும் பாதித் துயரம் வராமலே போகும். அவசர அறுவை சிகிச்சையில் பலருக்கு அந்தப் புள்ளி வைக்க நேரம் கிடைப்பதில்லை.

பிறகு பாடம். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும், முழுதும் நிறைய விட்டால் கனத்தில் பிய்ந்துகொள்ளும். கழிப்பறையில் உட்கார்ந்து, அடிமுனையைத் திறந்து, வடித்து, துடைத்து, மூட வேண்டும். பழகியவருக்குச் சில நிமிட வேலை. சில நாட்களுக்கு ஒருமுறை ஒட்டும் தகட்டையே மாற்ற வேண்டும். காலி செய்த பழைய பையைச் சுற்றிக் கட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். சிங்கப்பூர் வெக்கையில் வியர்வை பசையை இளக்கிவிடும், அதனால் குளிர்நாட்டுக்காரர் கணக்கு இங்கே செல்லாது. சிறுகுடல் திறப்பு உள்ளவர் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சோளம், தேங்காய், நார் மிகுந்த காய்களை நன்றாக மென்று, கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும்.

கைகள் கற்றுக்கொள்கின்றன, மனம்தான் தாமதிக்கிறது. சிங்கப்பூரில் பை போட்ட முதல் வாரங்களில் இருந்த புற்றுநோயாளிகளைச் சந்தித்துத் தாதிமை ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை 2015இல் ஒரு சர்வதேசத் தாதிமை இதழில் வெளியானது. ஏற்றுக்கொள்வது ஒரே நாளில் நடப்பதில்லை, கட்டம் கட்டமாகத்தான் நடக்கிறது என்பது அதில் தெளிவாகிறது. உடலின் தடைகளும் மனத்தின் கலக்கமும் சேர்ந்தே வருகின்றன. துணை நிற்கும் மனிதரும், முன்கூட்டியே போதுமான அளவு சொல்லித்தருவதும் வேண்டியிருக்கிறது. அதே வழியில் போய், மன ஆறுதலையும் பாடத்தின் பகுதியாக வைக்கும் திட்டத்தையும் அவர்கள் வகுத்துச் சோதித்தார்கள். சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கத்தின் கீழ் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களின் ஆதரவுக் குழுவும் உண்டு. நார்மா கில் செய்ததை வேறொரு ஊரில், வேறு மொழிகளில் செய்கிறார்கள்.

மனத்தை அரிப்பது பெரும்பாலும் சத்தம்தான். நிசப்தமான இடத்தில், பிரார்த்தனையின் நடுவில், வயிறு தானாகக் காற்றை விடும். அடக்க முடியாது. அதனால்தான் பலர் முதலில் கைவிடுவது கோயிலை. தீட்டு என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, தாமே சொல்லிக்கொண்டு வீரமாகாளியம்மன் கோயில் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். மலம் எல்லோர் உடம்பிலும் இருக்கிறது. கருவறை முன் நிற்கும் ஒவ்வொருவரும் அதைச் சுமந்துகொண்டுதான் நிற்கிறார்கள். முஸ்லிம்களுக்கு, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் உளூ பற்றிய கவலை. அடக்க முடியாத கசிவு உள்ளவர் ஒவ்வொரு தொழுகை வேளைக்கும் உளூச் செய்து தொழலாம் என்ற சலுகை இஸ்லாமியச் சட்ட நூல்களில் பழங்காலம் முதலே உள்ளது. இமாமிடம் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டால் போதும். கத்தோலிக்கருக்கு இன்னும் நேரடியான சாட்சி இருக்கிறது. 1981 மே 13இல் சுடப்பட்ட போப் இரண்டாம் ஜான் பால், ஆகஸ்ட் 5இல் மறு அறுவை சிகிச்சை நடக்கும் வரை வயிற்றில் திறப்புடன்தான் இருந்தார். 1986 நவம்பர் 20இல் சிங்கப்பூர் தேசிய விளையாட்டரங்கில் திருப்பலி நிறைவேற்றியவர் அவர்தான்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒருவரும் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவில் திரளும் வெளிநாட்டு ஊழியர். வேலையிடத்தில் வயிற்றில் அடிபட்டோ குடல் ஓட்டையாகியோ அவருக்குத் தற்காலிகப் பை போட நேர்ந்தால், அவர் திரும்பப்போவது பலர் சேர்ந்து தூங்கும் விடுதி அறைக்கு, பொதுக் கழிப்பறைக்கு. ஊரில் மனைவியிடம் தொலைபேசியில் என்ன சொல்வார்? "வயித்துல சின்ன ஆபரேஷன், சரியாயிடுச்சு" என்பதற்கு மேல் சொல்ல மாட்டார். 2006 முதல் இயங்கும் ஹெல்த்செர்வ் போன்ற அமைப்புகள் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மருத்துவத்தோடு மன ஆலோசனையும் தருகின்றன. அந்தக் கதவை அவருக்குக் காட்டுவது உடன் வேலை செய்பவர்களின் கடமை.

மலத்தைப் பற்றி உலகைப் பேசவைத்த ஊர் இது என்பதையும் மறக்கக்கூடாது. சிங்கப்பூரரான ஜாக் சிம் 2001 நவம்பர் 19இல் உலகக் கழிப்பறை அமைப்பைத் தொடங்கினார். 2013இல் சிங்கப்பூர் கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில் ஐக்கிய நாடுகள் சபை அந்த நாளை உலகக் கழிப்பறை நாளாக அறிவித்தது. ஜப்பானின் ரயில் நிலையங்களில் பை போட்டவர்களுக்கென்றே கழுவு தொட்டியும் வெந்நீரும் வைத்த கழிப்பறைகள் இருக்கின்றன, வாசலில் அதற்கான குறியீடும் இருக்கிறது. வாளியை ஒழித்த நகரம் அந்தக் குறியீட்டையும் ஒவ்வோர் உணவங்காடி நிலையத்திலும் ஒவ்வொரு கோயில் மண்டபத்திலும் வைக்கலாம். கேட்க வேண்டியவர்கள் நாம்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியவை சில உண்டு. 50 வயதை எட்டிய குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் புற்றுநோய்ச் சங்கம், பெருங்குடல் புற்றுநோயைக் கண்டறிய உதவும் மலப் பரிசோதனைக் குப்பிகளை இலவசமாகத் தருகிறது. கூச்சப்படாமல் வாங்கிச் செய்துவிடுங்கள். பை போட்ட உறவினர் வீட்டுக்கு வந்தால், உட்காரச் சொல்லும்போதே கழிப்பறை எது என்று இயல்பாகக் காட்டிவிடுங்கள். உள்ளே பையை மாட்ட ஒரு கொக்கியும், மூடியுள்ள குப்பைத்தொட்டியும், கைக்கெட்டும் இடத்தில் தாளும் இருக்கட்டும். அவர் வெளியே வர நேரமானால் கதவைத் தட்டாதீர்கள். சாப்பாட்டை எல்லோரோடும் சேர்த்தே பரிமாறுங்கள்.